மணிக்கு வாத்தியார் தேடிய கதை

இதுவரை சமையல் குறிப்பும் கோலமும் மட்டுமே எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எங்கள் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அதற்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிப் போய் நான் பட்ட பாடும், அந்த வாயில்லா ஜீவன் பட்ட பாடும் கொஞ்ச நஞ்சமல்ல.

உத்திரமேரூரை அடுத்த ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. வீடு ஊர்க் கோடியில், வயலை ஒட்டி இருக்கிறது. என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். அந்த நாட்களில் வீட்டில் மாமியார், நான், 8 வயது மகள் ஆக மூன்று பேர்தான். ஒரு நாள் ராத்திரி யாரோ எங்கள் கொல்லைப்புறத்து மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து, "ஒரு நாய் இருந்தா தேவலை" என்று மாமியார் சொல்ல ஆரம்பித்தார்.

என் தம்பி தன் நண்பர் மூலம் ராஜபாளையத்திலிருந்தே ஒரு குட்டி வாங்கிவந்து கொடுத்தான். பால் போல வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ் நிறம். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் எவ்வளவு பெயர் பெற்றது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட 4 தபால் தலைகளில் இதுவும் ஒன்று என்று தம்பி பெருமையாகச் சொன்னான். வரும்போது குட்டிக்கு இரண்டு மாதம். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருப்பதால், கேட்டுத்தான் வாங்கினானாம். மகள் 'மணி' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரின் பொருத்தம் பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மணி நல்ல துறுதுறுப்பு. ஆனால் கூப்பிட்டால் மட்டும் வராது. "மணி, மணி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அது பாட்டுக்கு மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும். தட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஓடி வரும். "சோத்துக்கு மட்டும் காது கேக்குது பாரு" என்பார் மாமியார்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அது என் கணவர் மனதில் நன்றாகப் பதிந்துபோயிருந்தது. "நம்ம வீட்லயும் பெண் குழந்தை இருக்கு. வளர்க்கிறதுன்னா பழக்கி வளர்க்கணும். இல்லேன்னா இப்பவே திருப்பிக் கொடுத்திடு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே!

காஞ்சிபுரத்துக்குப் போனபோது ஒரு கடையில் நோட்டீஸ் பார்த்தேன். 15 நாளில் நாய்க்குப் பயிற்சி, உட்கார், நில், கை கொடு எல்லாம் கியாரண்டி என்று போட்டிருந்தது. போன் செய்தேன். அந்த ஆள் கேட்டது இரண்டே கேள்வி. வீட்டுக்கு கேட் இருக்கிறதா? அட்வான்ஸ் எப்போது தருவீர்கள்? சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்திருந்த 4,000 ரூபாயைக் கொடுத்தேன். எங்கே கற்றீர்கள், இதற்கு முன் யார் வீட்டு நாயைப் பழக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் வாழ்க்கைப்பட்டு வந்திருப்பது உத்திரமேரூர்ப் பக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வாரியத்துக்கு ஆள் எடுக்க என்னென்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கோவிலைப் பார்க்க அழைத்துப்போனார்கள். நானும் உடன் போனேன். அந்த ஊரில் இருந்துகொண்டு, நாய்க்கு வாத்தியார் தேட நான் ஒரு தகுதியும் பார்க்கவில்லை. நோட்டீஸில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அந்த ஆள் வந்தார். கையில் பிரம்பு, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்று. "நீங்க உள்ளே போங்கம்மா. வீட்டுக்காரங்க பார்த்தா நாய் பழகாது" என்றார். நானும் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மணி வீல் வீல் என்று கத்தும் சத்தம். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 'உட்கார்' என்பார். அது அவர் முகத்தைப் பார்க்கும். உடனே சங்கிலியைச் சுண்டி இழுப்பார். மறுபடி 'உட்கார்'. மறுபடி இழுப்பு. மூன்றாம் நாள் பிரம்படி. குட்டி நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"ஏங்க, பச்சைக் குட்டியாச்சே" என்று கேட்டதற்கு, "இது திமிர் பிடிச்ச குட்டி. நாய் ஓநாய் ஜாதிம்மா. யார் தலைவன்னு அடிச்சுத்தான் காட்டணும். இப்ப விட்டா நாளைக்கு உங்க தலை மேல ஏறும்" என்றார்.

சகோதரிகளே, உண்மையை எழுதுகிறேன். நான் கதவைத் திறந்துகொண்டு போய்த் தடுக்கவில்லை. தெரிந்தவர் சொல்கிறாரே, நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். ஆறு நாள் இப்படி நடந்தது. என் மகள் அந்த நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் மணி திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பின்பக்கமாகப் போய் ஆசையாக முதுகில் கை வைத்தாள். அது துள்ளித் திரும்பி, வெடுக்கென்று அவள் கையைக் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவினேன். (வீட்டு நாய்தானே என்று மஞ்சள் தூளோ சுண்ணாம்போ அப்பிவிட்டு இருக்காதீர்கள். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.) பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கு, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை மகளுக்கு ஊசி போட்டார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய ரகளை. "கொண்டுபோய் ஏரிக்கரையில விட்டுட்டு வா" என்றார் மாமியார். கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி ஆளுக்குப் போன் போட்டால், "கடிச்சுதா? நாளைக்கு வந்து நாலு போடுறேன், சரியாயிடும்" என்கிறார்! இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அதை விடுங்கள்.

ஏரியில் விடுவதா, வேண்டாமா என்று இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை அடுப்படியில் அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தேன். கை தவறி பித்தளைக் குண்டான் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. கொட்டகையில் மாடு மிரண்டு எழுந்தது. மாமியார் "என்னடி அது?" என்று ஓடி வந்தார். நாலு அடி தள்ளி வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்த மணி தலையைக் கூடத் தூக்கவில்லை. காது மடல்கூட அசையவில்லை. எனக்குச் சுருக்கென்றது. குக்கர் விசிலுக்கும் அது எழுந்ததில்லை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பட்டாசு வெடித்தபோதும் எழுந்ததில்லை என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

என் அண்ணன் மகள் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. உடனே அவளுக்குப் போன் செய்தேன். "அத்தை, அது தூங்கும்போதோ வேறெங்கோ பார்க்கும்போதோ பின்னால நின்னு தட்டிப் பாருங்க. உங்க நிழல் விழக் கூடாது, காத்து மேல படக் கூடாது, தரை அதிரக் கூடாது. அதுங்க அதை வச்சே கண்டுபிடிச்சிடும்" என்றாள். ஐந்தாறு தடவை தட்டும் கரண்டியுமாகச் செய்து பார்த்தோம். ஒன்றுக்கும் திரும்பவில்லை. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "பிறவியிலேயே காது கேட்கலைம்மா" என்றார்.

ராஜபாளையம் நாய்களில் இது தெரிந்த குறைதானாம். வெளிநாட்டு டால்மேஷியன் நாய்களிலும் உண்டாம். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். முழு வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்கு அங்கே அவை இல்லாமல் போய், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடுகிறதாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டிகளும் உண்டு. அதை மெஷின் வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். மணியை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம், குறை குட்டிகளுக்கும் போகும் என்றும் சொன்னார்.

டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்கவே கேட்காத ஒரு வார்த்தைக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஆறு நாள் அதை அடிக்கவிட்டிருக்கிறேன். அடி எப்போது வரும் என்றே தெரியாத குட்டி, தூக்கத்தில் திடீரென்று மேலே கை பட்டால் கடிக்காமல் என்ன செய்யும்?

"அடிக்கிறது சட்டப்படியும் தப்பும்மா" என்றார் டாக்டர். 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், அடிப்பது மட்டுமல்ல, எப்போதும் கட்டியே போட்டு வளர்க்கும் நாயை நடக்க, ஓட விடாமல் வைத்திருப்பதும் குற்றம் என்று இருக்கிறதாம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அப்போது போட்டது. அந்தக் காசுக்கு இன்று ஒரு முழம் மல்லிகைப்பூ வந்தால் அதிசயம்.

ஓநாய்க் கதையையும் அண்ணன் மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தது தலைவன் ஆகும் என்பது பழைய எண்ணமாம். டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970-ல் எழுதிய புத்தகத்தில் அவரே அப்படித்தான் எழுதினாராம். பிறகு காட்டிலே வருடக்கணக்காகப் பார்த்துவிட்டு, 1999-ல், ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம்தான் என்று திருத்தி எழுதினாராம். எழுதியவரே மாற்றிக்கொண்டார், எங்கள் ஊருக்கு வந்த ஆள்தான் பிரம்போடு திரிகிறார்.

ஆறு மாதம் ஆன பிறகுதான் பழக்க வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறோமே, அதுவும் தவறாம். மனுஷர்களோடும் மற்றதுகளோடும் பயமில்லாமல் பழகும் வயது முதல் மூன்று மாதம்தான். அமெரிக்காவில் மிருகங்களின் குணத்தை ஆராயும் டாக்டர்கள் சங்கம் 2008-லேயே சொல்லியிருக்கிறதாம்: முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகு, 7, 8 வாரக் குட்டியையே வகுப்புக்கு அழைத்துப் போகலாம் என்று. எங்கள் மணிக்கு அந்த நல்ல வயதில் கிடைத்தது அந்த ஆள்!

டாக்டர்தான் இன்னொருவரைச் சொன்னார். ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மதுராந்தகம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடத்துகிறார். இந்தத் தடவை நான் ஏமாறத் தயாரில்லை. அடிப்பீர்களா, சங்கிலி போடுவீர்களா, நான் கூடவே இருக்கலாமா என்று கேட்கக் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன். அவரோ, என்னைக் கேட்கவிடாமல் அவரே கேட்டுக்கொண்டு போனார். குட்டிக்கு எத்தனை மாசம்? வெறிநாய்க்கடி ஊசி போட்டாச்சா? அட்டை இருக்கா? பூச்சி மருந்து எப்போ கொடுத்தீங்க? ராத்திரி எங்கே படுக்குது? வீட்டில் யாரைக் கண்டா ஓடி வருது, யாரைக் கண்டா ஒதுங்குது? யாரையாவது கடிச்சிருக்கா, எப்படி கடிச்சது? கடைசியில், "முதல் வாரம் நாயைக் கொண்டு வராதீங்கம்மா. நீங்க மட்டும் வந்து உட்கார்ந்து பாருங்க. பிடிச்சா அடுத்த வாரம் கொண்டு வாங்க. அதுவரைக்கும் காசு வேண்டாம்" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆறு நாய்கள், அதில் ஒன்று சாதாரண நாட்டு நாய். பிரம்பைக் காணோம். ஒவ்வொருவர் இடுப்பிலும் சின்னப் பை. உள்ளே வேகவைத்த ஈரல் துண்டுகள். நாயின் வால் கீழே போனால் உடனே நிறுத்தி, அந்த வீட்டுக்காரரிடம், "நீங்க அவசரப்படுறீங்க" என்பார். நாயைத் திட்டி நான் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் திட்டினார்! காது கேளாத குட்டி என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "அதனால என்ன? சத்தம் போடக் கூடாத இடத்துல நாங்க கை சைகையிலதானே நாயை வேலை வாங்குவோம்" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மணிக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது 'உட்கார்' அல்ல, பயப்படாமல் விழிப்பது. தூங்கும்போது தொடக் கூடாது. மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, நம் வாசனை பட விட வேண்டும். அது கண் விழித்ததும் தோளில் மெல்லத் தொட்டு ஈரல் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை. இரண்டு வாரத்தில், கை பட்டால் ஈரல் வரும் என்று வாலை ஆட்டிக்கொண்டே விழிக்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் மகளைச் செய்ய விட்டேன், அதுவும் நான் பக்கத்தில் இருந்துகொண்டு. முதல் நாள் அவள் கை நடுங்கியதைப் பார்த்து எனக்கும் நடுங்கியது.

பிறகு சைகைகள். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் வர வேண்டும். கட்டை விரலைக் காட்டினால் சபாஷ். ராத்திரியில் டார்ச்சை இரண்டு தடவை தரையில் அடித்துக் காட்டினால் வர வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சைகை காட்ட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. மாமியார் மட்டும் கேட்கவில்லை. அவர் முந்தானையை உதறுவார். அது அவரிடம் ஓடும். எங்கள் சைகைக்கு வருவதைவிட வேகமாக வருகிறது. வாத்தியாரிடம் சொன்னேன். "பெரியம்மாவை நான் திருத்த முடியாது, விட்டுடுங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

கழுத்தில் ஒரு சலங்கை கட்டியிருக்கிறோம். அதற்குக் கேட்க அல்ல. அது எங்கே இருக்கிறது என்று நமக்குக் கேட்க. மணியின் கழுத்தில் மணி!

"காது கேக்காத நாய் காவலுக்கு என்னத்துக்கு ஆகும்?" என்று ஊரில் கேட்கிறார்கள். மாமியாரே இப்போதும் கேட்பார். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டு நாட்டு நாய் குரைத்தால் இது எழுந்திருக்காது. ஆனால் அந்த நாய் எழுந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், இதுவும் ஓடிப்போய் அதைவிடப் பெரிய குரலில் குரைக்கும், எதற்கென்றே தெரியாமல். ராத்திரி வாசற்கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறது. கதவு லேசாக அசைந்தாலும் எழுந்துவிடுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வரும் என் கணவரைத்தான் இதுவரை பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. கேட் திறந்திருந்தாலும் வாசலைத் தாண்டாமல் நிற்க வேண்டும். எங்கள் ரோட்டில் கரும்பு லாரியும் டிராக்டரும் போகின்றன. ஹாரன் அடித்தால் இதற்குக் கேட்காதே! வாசலில் செங்கல் வரிசை வைத்து, அதைத் தாண்டாமல் நின்றால் ஈரல் என்று வாத்தியார் சொன்னபடி பழக்குகிறோம். நான் நின்றால் நிற்கிறது. நான் உள்ளே திரும்பினால் தாண்டிவிடுகிறது. சகோதரிகளில் யாராவது காது கேளாத நாய் வளர்த்திருந்தால், இதற்கு என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அதுவரை கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என் தாலிச் சரட்டில் கோத்து வைத்திருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உத்திரமேரூர்.